இரண்டு குறைத்தால் தெரியாது

நான் பேசினால் சண்டைக்கு வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. சோமனூரில் தறி ஓட்டுகிற எல்லோருக்கும் இதே குரல்தான். பன்னிரண்டு விசைத்தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது, பக்கத்தில் நிற்கிறவரிடம் தண்ணீர் கேட்பதற்கே தொண்டையைத் திறந்து கத்த வேண்டும். பிறகு அந்தக் குரல் வீட்டுக்கும் வரும், கோயிலுக்கும் வரும். அதனால்தான் இன்ஸ்பெக்டர் மேடம், வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் மறுக்காமல் பத்து வெள்ளைத் தாள் கொடுத்தீர்கள். டீயும் வந்தது. நன்றி.

என் பெயர் கிருபாசங்கர். வயது நாற்பத்து மூன்று. என் மகள் நவ்யா போன வாரத்துக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை காலை இறந்துபோனாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் அம்மா மோகனப்பிரியா சரியாகக் கவனிக்காததுதான் காரணம் என்று நான் கையெழுத்துப் போட்ட புகார் உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். சின்னத் திருத்தம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சின்னது இல்லை.

முதலில் சில விஷயங்களை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மோகனப்பிரியாவுக்கும் விவாகரத்தாகி ஆறு வருடம் ஆகிறது. அவள் மகளோடு அவிநாசியில் வாடகை வீட்டில் இருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். குழந்தையின் செலவுக்கு மாதம் ஏழாயிரம் கொடுக்க வேண்டும் என்று கோவைக் குடும்பநல நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குள் அனுப்பிவிடுவேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நான் குடிக்கிறவன் இல்லை. அந்தக் குழந்தை மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

நவ்யாவுக்கு ஆறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் நமக்கெல்லாம் வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஊசி, படுக்கும்போது வேறோர் ஊசி. பார்ப்பதற்குப் பேனா மாதிரி இருக்கும். பின்பக்கத்தைத் திருகினால் டக், டக் என்று யூனிட் கணக்கில் சத்தம் வரும். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, மீட்டரில் எண்ணைப் பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது வயதிலிருந்து அவளேதான் போட்டுக்கொண்டாள். அழமாட்டாள்.

போன வருடம் மோகனப்பிரியா மறுபடி கோர்ட்டுக்குப் போனாள். ஐந்து வருடமாக அதே ஏழாயிரம், விலைவாசி எங்கேயோ போய்விட்டது, மருந்தே மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் ஆகிறது, அதனால் பதினைந்தாயிரமாக உயர்த்தித் தர வேண்டும், இனி வருடா வருடம் பத்து சதவீதம் தானாக ஏற வேண்டும் என்று மனு. பிடிக்கவில்லைதான். ஆனால் அதில் எனக்குப் பெரிய கோபம் ஏதும் இல்லை. கேட்கிறவர்கள் கேட்பார்கள், கொடுக்கிறவன் இழுத்தடிப்பான், உலகம் முழுக்க நடக்கிறதுதான். தறி நஷ்டத்தில் ஓடுகிறது, எட்டு வருடமாக எங்களுக்கே கூலி உயரவில்லை, அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது என்று என் வக்கீல் அழகிரிசாமி பதில் தாக்கல் செய்தார். இரண்டு மூன்று வாய்தா போனது.

கோபம் வந்தது வேறு இடத்தில்.

எங்கள் ஊரில் நூலும், பாவு என்கிற நெடுக்கு இழையும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நாங்கள் கூலிக்கு நெய்து கொடுப்போம். அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி இந்த வருடம் தறியை நிறுத்திப் போராடினோம். கலெக்டருக்குக் கொடுக்க வேண்டிய மனுவை எழுதியது நான். சங்கத்தில் எனக்குத்தான் எழுத்து நன்றாக வரும் என்பார்கள். துவரம்பருப்பு, கடலை எண்ணெய், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட ஃபீஸ், கரண்ட் கட்டணம் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று எதிரெதிராகப் பட்டியல் போட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'எங்கள் குழந்தைகளின் மருந்துச் செலவுக்குக்கூட வழியில்லாமல் நிற்கிறோம்.' அந்த வரியைப் படித்துவிட்டுச் சங்கத்தலைவர் என் தோளைத் தட்டினார். பேப்பரில் போட்டோ வந்தது. பதினைந்து சதவீதம் கூலி உயர்வு கிடைத்தது. லட்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம்.

அடுத்த வாய்தாவில் மோகனப்பிரியாவின் வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டினார். என் மனுவின் ஜெராக்ஸ். வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியதை அவள் எடுத்துவைத்திருக்கிறாள். நீதிபதி அம்மா பருப்பிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். மருந்து வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விலைவாசி உங்களுக்கு மட்டும்தான் ஏறியிருக்குதுங்களா?" என்று கேட்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். அழகிரிசாமி ஃபைலை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே வராந்தாவில் மோகனப்பிரியா என் எதிரே வந்தாள். கேலியாகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க கலெக்டர் ஆபீசுல கேட்டதத்தானுங்க நான் இங்க கேக்கறேன். அதே பருப்பு, அதே எண்ணெய். வேற எதையும் புதுசாக் கேக்கலீங்க."

எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது காதெல்லாம் சூடாக இருந்தது. அன்றைக்கே அவள் கேட்டதைக் கொடுத்திருக்கலாம். உயர்ந்த கூலியில் பாதிகூட ஆகியிருக்காது. பணம் இல்லாமல் நான் இதைச் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அவள் ஜெயிக்கக் கூடாது என்று செய்தேன்.

நீதிபதி அம்மா ஒன்று சொல்லியிருந்தார். மருந்துச் செலவு ஐந்தாயிரம் என்று ஒருவர் சொல்கிறார், அவ்வளவு ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். வருகிற மூன்று மாத மருந்துக்கடை பில்களை அப்படியே தாக்கல் செய்யுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அழகிரிசாமி என்னிடம், "பில்லு கம்மியா வந்தா கேஸு நம்ம பக்கம்ங்க. ஆனா அது நம்ம கையில இல்ல, உடுங்க" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் விடச் சொன்னார். நான்தான் விடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணியில் குறுக்கே ஓடுகிற ஊடை இழை ஓர் அங்குலத்துக்கு எத்தனை விழுகிறது என்பதைப் பிக் என்போம். ஜவுளிக்காரர் அறுபது பிக் கேட்டால் அறுபது போட வேண்டும். ஆனால் தறியில் ஒரு பல்சக்கரத்தை மாற்றிவிட்டால் ஐம்பத்தெட்டுத்தான் விழும். துணி அதே துணிதான். கையில் தடவினாலும் தெரியாது. லென்ஸ் வைத்து எண்ணினால்தான் தெரியும், ஆயிரம் மீட்டருக்கு யார் எண்ணுவார்கள்? நூல் மிச்சம், தறியும் வேகமாக நகரும். ஐம்பத்தாறுக்குப் போனால் கொஞ்சம் தெரியும். ஆனால் கஞ்சி மொடமொடப்பில் அதுவும் மறைந்துவிடும். எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். நான் பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஒரு தடவைகூட மாட்டியதில்லை. இரண்டு குறைத்தால் தெரியாது என்பது எனக்குப் பாடம் மாதிரி மனதில் பதிந்துபோன விஷயம்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் நவ்யாவைப் பார்க்கலாம் என்று உத்தரவு. அவிநாசிக் கோயில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் உட்காருவோம். முட்டை பப்ஸ் அவளுக்குப் பிடிக்கும். கோர்ட்டில் மூக்கறுபட்ட அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பப்ஸ் வந்ததும் அவள் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருகினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து டக்.

"பத்து வேணுமா கண்ணு? எட்டு வெச்சா என்னாகும்?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா பத்துன்னு சொல்லியிருக்காங்ப்பா."

"டாக்டருங்க எப்பவும் ரெண்டு கூட்டித்தான் சொல்லுவாங்க. நாங்க தறியில அறுபதுன்னா அம்பத்தெட்டுத்தான் போடறோம். துணி கிழிஞ்சா போச்சு?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்று மாதம் பில் கம்மியாக வந்தால் கேஸ் முடிந்துவிடும், அம்மா லீவு போட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, சம்பளமும் பிடிக்கமாட்டார்கள், அப்பாவும் அம்மாவும் இனி வக்கீல் வைத்துப் பேச வேண்டியதில்லை என்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியாது. யார் பக்கம் முடியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் பப்ஸின் ஓரத்தைப் பிய்த்தாள். "அம்மாகிட்டச் சொல்லோணுங்களாப்பா?" என்றாள்.

"வேண்டாம் அம்மணி. அம்மா பயந்துக்குவா. முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் சேந்து சொல்லிக்கலாம்."

எட்டுக்குத் திருகினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதுவரை நான் அவளோடு போனில் பேசுவது பண்டிகை நாள்களில்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பேசினேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள், மோகனப்பிரியா வேலையில் இருப்பாள். இன்றைக்கு எத்தனை என்று கேட்பேன். சொல்வாள். அதன் பிறகு அவள் பேசுவாள். கணக்கு டீச்சரைப் பற்றி, யாஸ்மின் என்கிற சிநேகிதியின் பூனையைப் பற்றி, ஆண்டு விழாவில் கும்மி ஆடப் பெயர் கொடுத்தது பற்றி. 'எங்கப்பா தினமும் கூப்பிடறாங்க' என்று யாஸ்மினிடம் பெருமையாகச் சொன்னதாக ஒரு நாள் சொன்னாள். அந்த நாள்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இதை நான் என் சமாதானத்துக்காக எழுதவில்லை. சமாதானத்துக்காகத்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது. இருக்கட்டும்.

இரண்டாவது மாதம் எட்டை ஆறாக்கினோம். படுக்கும்போது போடுகிற ஊசியில் நாலு குறைத்தோம். ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்துவது ஒரு தடவையானது, பட்டையும் விலைதானே. அவளுக்கு ஒரு நோட்டு உண்டு, மீட்டரில் வருகிற எண்களை எழுதிவைப்பதற்கு. மோகனப்பிரியா ராத்திரி வந்ததும் அதை ஒரு பார்வை பார்ப்பாள். அதில் என்ன எழுதுவது என்று நவ்யா கேட்டாள். நூற்றிருபது, நூற்றைம்பது என்று முழுசாக எழுதாதே, யாரும் நம்பமாட்டார்கள். நூற்றுப் பதினெட்டு, நூற்று நாற்பத்தேழு, நடுவில் ஒரு நாள் இருநூற்று மூன்று என்று எழுது என்று சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் கைப்பற்றி வைத்திருக்கிற நோட்டு அதுதான் மேடம். எழுத்து அவளுடையது. எண்களெல்லாம் நான் சொன்னவை. மோகனப்பிரியா மிரட்டி எழுதவைத்தாள் என்று நீங்கள் நினைப்பது தப்பு. அவள் அந்த எண்களை நம்பினாள்.

மூன்றாவது மாதம் நடுவில் மோகனப்பிரியா எனக்கு போன் செய்தாள். ஆறு வருடத்தில் அவளாகக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். "ஏனுங்க, பாப்பா எளச்சுக்கிட்டே போறாளுங்க. சுடிதாரெல்லாம் தொளதொளன்னு நிக்குது. தண்ணியாக் குடிக்கறா. நோட்டுல பாத்தா நெம்பரெல்லாம் நல்லாத்தான் இருக்குது. டாக்டருகிட்டக் காட்டி அந்த மூணு மாச டெஸ்ட்டு ஒருக்கா எடுத்தரலாம்னு பாக்கறேன். எல்லாஞ் சேந்து மூவாயிரம் ஆகுங்களாம். நீங்க பாதி குடுத்தீங்கன்னா இந்த வாரமே கூட்டிட்டுப் போயிருவேன்."

அந்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையும் ஒரே எண்ணாக வந்துவிடும். நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது ஏமாறாது. எனக்கு அது தெரியும். "எதுவா இருந்தாலும் கோர்ட்டுல கேட்டுக்கங்க" என்று வைத்துவிட்டேன். அவள் சம்பளம் வந்ததும் போகலாம் என்று தள்ளிப்போட்டாள். சம்பளத் தேதி, பில்களைத் தாக்கல் செய்ய வேண்டிய வாய்தாவுக்கு அடுத்த வாரம் வந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. காலையில் தறியை ஓட்டியதும் அந்த எண்ணம் போய்விட்டது. இன்னும் பதினேழு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் அவளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகத் தெரிந்தது. பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டாள். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். "அப்பா, பில்லு இந்த மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சந்தானுங்ப்பா. அம்மாவே ஆச்சரியப்பட்டாங்க" என்று என்னிடம் நல்ல மார்க் வாங்கியவள் போலச் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வாய்தா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு நவ்யா என்னைக் கூப்பிட்டாள். அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் நான்தான் கூப்பிடுவேன். போனை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கு வெளியே வந்தேன்.

முந்தின நாளிலிருந்து காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை என்றாள். கம்பெனியில் ஏற்றுமதி சரக்குப் போகிற நாள், லீவு இல்லை. மோகனப்பிரியா கஞ்சி வைத்துக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். "காத்தாலருந்து வாந்தியா வருதுங்ப்பா. வயிறு நெம்ப வலிக்குது. மீட்டர்ல நம்பரே வரமாட்டேங்குது. ஹெச்சு, ஐன்னு இங்கிலீஷ்ல வருது. எனக்கு ஹாய் சொல்லுதுங்ப்பா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

பேனாவில் மருந்து நேற்றோடு தீர்ந்துவிட்டது என்றாள். அலமாரியில் அம்மா வைத்துவிட்டுப் போன பணம் இருக்கிறது, மருந்துக்கடை மூன்றாவது வீதிதான், மெதுவாக நடந்து போய்ப் புதுசு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பில் வந்துவிடுமே என்று அவளுக்கே கவலை. அதற்காகத்தான் என்னைக் கேட்டாள்.

மீட்டரில் அப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். "வெள்ளிக்கிழமை வாய்தா கண்ணு. இத்தன நாள் பொறுத்துட்டே. சனிக்கிழமை காலையில வாங்கிக்கலாம். மோரு குடிச்சுட்டுப் படுத்துக்க, செரியாப் போயிரும்" என்றேன்.

"சரிங்ப்பா" என்றாள்.

அந்த அழைப்பு நாலு நிமிடம் என்று உங்கள் பதிவில் இருக்கிறது. என்ன பேசினீர்கள் என்று நீங்கள் முதல் நாள் கேட்டபோது, படிப்பைப் பற்றி என்று சொன்னேன்.

மோகனப்பிரியா ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தபோது நவ்யாவுக்கு நினைவில்லை. கோவை ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, இத்தனை நாளாக எவ்வளவு இன்சுலின் போட்டீர்கள் என்று கேட்டார். மோகனப்பிரியா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். டாக்டர் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போனார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லியிருந்தாலும் பலன் இருந்திருக்காது, நேரம் கடந்துவிட்டது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைத் தேடிப் போய் விசாரித்தேன் என்பது இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வியாழக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அழகிரிசாமி போன் செய்தார். குழந்தையே இல்லாததால் மனு முடித்துவைக்கப்பட்டது, இனி நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றார். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி, பெற்றவள் பணத்தை வாங்கித் தின்றுவிட்டுப் பிள்ளைக்கு ஊசி போடாமல் கொன்றுவிட்டாள் என்று பேசினார்கள். யாரோ புகார் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நேற்று நீங்கள் என்னை மறுபடி வரச் சொன்னீர்கள். உள்ளே வந்தபோது மோகனப்பிரியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக விசாரணைக்கு வந்துபோகிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். என் மேல் பாய்வாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க" என்றாள்.

நான் உட்காரவில்லை.

"நீங்க புகார் குடுத்ததுல தப்பே இல்லீங்க. பெத்தவ பக்கத்துலயே இருந்துட்டு நாந்தானுங்க கவனிக்காம உட்டுட்டேன். எளைக்கறா எளைக்கறான்னு கண்ணுல பாத்துக்கிட்டேதானுங்க இருந்தேன். என்னைய உள்ள வெக்கறதுன்னா வெக்கட்டும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எதிரியிடம் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். அது வாயில் தானாக வருவது, அதற்கெல்லாம் அர்த்தம் பார்க்கக் கூடாது. ஆனாலும் நேற்று அவள் போட்ட ஒவ்வொரு 'ங்க'வும் என் மேல் விழுந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் மேடம். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மகள் செத்ததற்கு நான் அழுதது அதுதான் முதல் தடவை. மோகனப்பிரியாவை வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் குற்றவாளி என்று இன்னும் ஒரு நாள்கூட நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. என்ன நடந்தது என்று இந்தத் தாளையே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். என் முகத்தில் துப்ப வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இதோடு கையெழுத்துப் போடலாம் என்று பார்த்தேன். போட முடியவில்லை. மீட்டரில் அப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் எப்படிப் பொய் சொல்கிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

நவ்யாவுக்கு இந்த நோய் இருப்பதே எங்களுக்குத் தெரியாத காலத்தில், அவளுடைய ஆறாவது வயதில், இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் காலை மூச்சு மாறியது. படுத்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, வெகு தூரம் ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். மோகனப்பிரியா கை கால் ஓடாமல் நின்றாள். நான்தான் கட்டிய லுங்கியோடு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பிழைத்துக்கொண்டாள். டாக்டரம்மா என்னை உட்காரவைத்து மீட்டரைக் கையில் கொடுத்து எல்லாம் சொல்லித் தந்தார். எண்ணுக்குப் பதில் அந்த எழுத்து வந்தால் மீட்டரால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம். அதோடு இந்த மூச்சும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள், குழந்தை தங்காது என்றார்.

புதன்கிழமை நவ்யா அதிகம் பேசவில்லை. பத்து வார்த்தை பேசினால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். புதுசு வாங்கிக்கட்டுங்களா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்கிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இழுத்து இழுத்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது எந்த மூச்சு என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சனிக்கிழமை வாங்கிக்கலாம் என்றேன்.